நாபா பள்ளத்தாக்கில் குடும்பத்துடன் ஒரு பகல்: ஓர் ஐந்திணைப் பார்வை

1.0 முன்னுரை

மலையேறுதல், திராட்சை மது சுவைத்தல், பெருவிருந்து உண்ணல் ஆகிய மூன்றையும் ஒரே பகலில், அதுவும் மாமியாரையும் ஊரிலிருந்து வந்திருந்த பெரியப்பாவையும் அழைத்துக்கொண்டு செய்து முடிப்பது குறித்துத் தமிழில் இதுவரை ஆய்வு ஏதும் நிகழவில்லை. நிகழ்ந்ததா என்று தேடவும் இல்லை. 'இத்துறையில் இதுவே முதல் ஆய்வு' என்று எழுத விரும்புகிறவர் தேடாமலிருப்பதே நெறி.

ஆய்வுக் களம், வடக்குக் கலிஃபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கு. முதன்மைச் சான்றுகள்: மாமியார், பெரியப்பா, மனைவி, மகன். துணைமைச் சான்றுகள்: ரசீதுகள்.

1.1 கோட்பாடு

எதை எடுத்தாலும் ஐந்திணைக்குள் அடைப்பது நம் ஆய்வு மரபு. அடைபடாவிட்டால் பொருளின் மேல்தான் பிழை. மலை குறிஞ்சி, அதன் உரிப்பொருளாகிய புணர்தல், மாமியார் உடன் வந்திருந்தமையால் ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டது. திராட்சைத் தோட்டம் மருதம். ஊடல் நிகழ்ந்தது, பின்னர்க் காண்க. உணவகத்தில் மேசைக்காகக் காத்திருந்தது முல்லை. பரிமாறப்பட்ட தட்டு பாலை. நெய்தலுக்கு அருகில் கடல் இல்லையே என்று கோட்பாடு சற்றுத் தடுமாறியது. பில் வந்ததும் இரங்கல் தோன்றிற்று, கோட்பாடு பிழைத்தது.

2.0 குறிஞ்சி

காலிஸ்டோகா ஊரைத் தாண்டி 29ஆம் நெடுஞ்சாலையில் வளைந்து வளைந்து ஏறினால் செயின்ட் ஹெலினா மலை. உயரம் 4,342 அடி. 'புதையல் தீவு' எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1880இல் புது மனைவி ஃபேனியுடன் தேனிலவுக்கு இங்கே வந்து, கைவிடப்பட்ட ஒரு வெள்ளிச் சுரங்கத்தின் தங்குமிடத்தில் வாடகை கொடுக்காமல் குடியிருந்தார். அதை வைத்து 1883இல் ஒரு புத்தகமும் போட்டார். அவர் தங்கிய இடத்தில் திறந்த புத்தக வடிவில் ஒரு கல் நட்டிருக்கிறார்கள். உச்சிக்குப் போய்வர ஏறத்தாழ பத்து மைல். எம் குழு அந்தக் கல்லோடு நின்றது. "புஸ்தகம் வரைக்கும் வந்தாச்சு, போதும்" (மாமியார், கல்லில் சாய்ந்தபடி) என்ற கூற்று, பல முனைவர் பட்டங்களின் வரலாற்றைச் சுருங்கச் சொல்லிவிடுகிறது.

வழியில் பெரியப்பா ஒரு செடியைக் கண்டார். காம்புக்கு மும்மூன்றாக இலை, மேலே பளபளப்பு. செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். "வில்வம்டா! லிவர்மோர் கோயிலுக்கு ரெண்டு கொத்து பறிச்சுக்கலாம்" (பெரியப்பா, வாய்மொழி). "அது பாய்சன் ஓக், தாத்தா. தொட்டா உடம்பெல்லாம் தடிச்சு அரிக்கும்" (மகன், மறுப்புரை, சாரணர் முகாம் பதிப்பு). "மூணு இலை இருந்தா வில்வம்தான். எங்க அப்பா சொல்லியிருக்கார்" (பெரியப்பா, மறுப்புக்கு மறுப்பு; மூலம் கிடைக்கவில்லை). இங்கே இரு ஆய்வுப் பள்ளிகள் மோதுவதைக் காணலாம். மரபுவழிப் பள்ளி கையை நீட்டியது. புலனறிவுப் பள்ளி அந்தக் கையைப் பிடித்து இழுத்தது. மூன்றாவதாக, "அரிக்கட்டுமே, அப்பத் தெரியும்" என்ற செய்முறைப் பள்ளியும் உண்டு (மாமியார், மேலது).

3.0 மருதம்

இனி மது. இதற்கு முன் ஒரு வெளிப்படைத்தன்மை அறிக்கை. கலிஃபோர்னியாவில் வண்டி ஓட்டுபவரின் ரத்தத்தில் மதுவின் அளவு 0.08 விழுக்காட்டை எட்டினாலே குற்றம். ஓட்டுநர் இவ்வாய்வாளர். ஆகவே இவ்வியலில் பேசப்படும் எந்த மதுவும் இவ்வாய்வாளரின் நாக்கில் படவில்லை. மூல நூலைத் தொடாமல் அதன்மேல் முந்நூறு பக்கம் எழுதிப் பட்டம் பெற்றவர்கள் துறைத்தலைவர்களாக இருக்கும்போது, இது குறையாகாது.

நாபாவின் பெருமைக்கு 1976 போதும். பாரிஸில் பிரெஞ்சு நடுவர்கள் எது எந்த மது என்று தெரியாமல் சுவைத்தபோது, வெள்ளையில் இந்த மலையடியிலுள்ள ஷத்தோ மொன்டலீனாவின் 1973ஆம் ஆண்டுச் சார்டனேயும், சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப்பின் கேபர்னேயும் முதலிடம் பெற்றன. நடுவர்களின் முகத்தை நினைத்துப் பார்க்க இனிமையாயிருக்கிறது.

மேசைமேல் கோப்பைகளுக்கு நடுவே ஒரு சிறு வாளி இருந்தது. மது அறிஞர் வாயில் ஊற்றி, கொப்பளித்து, அதில் துப்பிவிடுவர். ஏனையோர் வெறும் தண்ணீர் வாளி என்று நினைத்துக் கடந்துவிடும் இப்பொருளைப் பெரியப்பா பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டார்: படிக்கம். வெற்றிலை போட்டவர் அல்லவா. "எங்க வீட்டுல பித்தளையில இருந்துது, இதைவிடப் பெருசு" (பெரியப்பா, நின்றபடி). "காசு குடுத்து வாங்கித் துப்பறதா?" (மாமியார், பொருளியல் நோக்கு). "துப்பினாத்தான் அடுத்ததோட ருசி தெரியும்" (மனைவி, கையேட்டைத் தழுவியது). "துப்பறதுன்னா எதுக்கு வாயில விடணும்?" (மாமியார், மேலது, இரண்டாம் பதிப்பு, கோபத்துடன்). பெரியப்பா இரு தரப்பையும் அரவணைத்து, ஊற்றியதை முழுக்க விழுங்கிவிட்டு வெறும் எச்சிலைப் படிக்கத்தில் துப்பினார். இச்சமரசம் குறித்து அவரே பின்னர் விளக்கியது (கார் நிறுத்துமிடம், தூணைப் பிடித்தபடி, சொற்கள் சில தெளிவில்லை, தொடர்ச்சி, கழிப்பறை வரிசை, அதன் மறுபதிப்பு, வழியெல்லாம்) இவ்வாய்வின் பின்னிணைப்பாக வரவேண்டியது. பக்க வரம்பு இடந்தரவில்லை.

சுவைச் சொற்களுக்கு அறிவியல் அடிப்படை உண்டு. டேவிஸ் பல்கலைக்கழகத்தின் ஆன் நோபிள் 1980களில் மதுவின் வாசனைகளை ஒரு சக்கரமாக வகுத்தார். அதில் ரோஜா உண்டு, மிளகு உண்டு, நனைந்த நாயும் உண்டு. அந்தச் சக்கரத்தில் இல்லாத ஒன்றை மாமியார் கண்டுபிடித்தார். அவர் குடிப்பவர் அல்லர். நுரை பொங்கும் வெள்ளை மதுக் கோப்பையை மூக்கருகே கொண்டுபோய், "இட்லி மாவு பொங்கி வழிஞ்ச வாசனை" என்று கீழே வைத்தார். மகன் மொழிபெயர்த்தான். ஊற்றிய இளைஞர் கைதட்டாத குறை: அந்த மது செத்த ஈஸ்ட்டின் மேலேயே நெடுநாள் கிடந்து முதிர்வது, அந்தப் புளித்த மாவு மணம்தான் அதன் சிறப்பாம்.

இதோடு 2001இல் வெளியான போர்தோ ஆய்வை ஒப்பிடுக. மதுவியல் மாணவர் 54 பேரிடம் வெள்ளை மதுவில் சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு மதுவுக்கான சொற்களைக் கொண்டே அதை வருணித்தார்கள். தமிழிலக்கியம் பயின்றவர்க்கு இதில் வியப்பில்லை. உரையாசிரியர் ஊற்றிய சாயத்தை மீறிப் பாட்டில் வேறு நிறம் கண்டவர் எத்தனை பேர்?

ஊடல்: "பெர்ரி மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. "கறுப்புச் செர்ரி, இறுதியில் புகையிலை" என்று கையேட்டைப் பார்த்துத் திருத்தினேன். "குடிச்சது நானா, நீங்களா?" (மனைவி; இதற்குப்பின், உண்ணப் போன யோன்ட்வில் ஊர் வரை வேறு சான்று கிடைக்கவில்லை).

4.0 குடும்பம் என்னும் கூறு

ஸ்டீவன்சனும் இப்பள்ளத்தாக்கில் ஷ்ராம் என்பவரின் நிலவறையில் மது சுவைத்தார். அந்நேரம் ஃபேனி, ஷ்ராமின் மனைவியோடு திண்ணையில் பேசிக்கொண்டிருந்தாராம். ஊடலுக்கு அதில் இடமிருந்திருக்காது.

5.0 முல்லை, பாலை, நெய்தல்

யோன்ட்வில் ஊரில்தான் 1994 முதல் தாமஸ் கெல்லர் நடத்தும் பிரெஞ்ச் லாண்ட்ரி இருக்கிறது. ஒரு காலத்தில் உண்மையாகவே சலவை நிலையமாயிருந்த கல் கட்டடம். முதல் வாயில் இருக்கும் வியப்பு அடுத்தடுத்த வாய்களில் குறைந்துகொண்டே போகும், ஆகவே கொஞ்சமாகப் பரிமாறு என்பது கெல்லரின் கொள்கை. நாங்கள் போனது வேறோர் உணவகம். கொள்கை அங்கேயும் பரவியிருந்தது.

வாழையிலை அகலத்துக்கு வெள்ளைத் தட்டு. நடுவில் கட்டைவிரல் கனத்துக்கு ஒரு பீட்ரூட். அதன் மேல், சாமணத்தால் எடுத்து வைத்தது போல் ஒரேயொரு தளிர். ஓரமாகப் பச்சையில் ஒரு தீற்றல். மாமியார் அந்தத் தீற்றலை விரலால் வழித்து நக்கிவிட்டு, "சட்னி நன்னாயிருக்கு, இட்லி எப்ப வரும்?" என்றார். இது வினாவா, விமரிசனமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பெரியப்பா முன்னதாக வந்த ரொட்டியையே விருந்தென்று கருதி இரண்டு முறை கேட்டு வாங்கித் தின்றிருந்தபடியால், அன்றிரவு வயிறு நிறைந்தவர் அவர் ஒருவரே.

6.0 மேலாய்வுக்குரியவை

பெரியப்பாவின் வலது முன்கையில் மறுநாள் தோன்றிய தடிப்பு வில்வத்தாலா, வேறு எதனாலா என்பது முடிவாகவில்லை. லிவர்மோர் கோயிலில் அவர் அர்ச்சனைக்குக் கொடுத்த தட்டில் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. இரண்டாம் கட்டக் களப்பணிக்கு சொனோமா பள்ளத்தாக்கு தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. அதில் வேறொருவர் வண்டி ஓட்டுவார் என்ற நிபந்தனையுடன் நிதிநல்கை கோரும் விண்ணப்பம் மனைவியிடம் நிலுவையில் உள்ளது.