செல்போன் துறவி

நம் செல்போன் துறவி ஊட்டிக்குப் போகும் செய்தி ஊட்டிக்குத் தெரியுமோ இல்லையோ, நமக்குத் தெரிந்துவிடும். 'மூன்று நாள் போனைத் தொட மாட்டேன். மனசுக்கு ஓய்வு' என்று ஸ்டேட்டஸ் போடுவார். குடும்பக் குழு, பள்ளி நண்பர்கள் குழு, அடுக்ககக் குழு என்று எல்லாவற்றிலும் அதையே ஒட்டுவார். யாரும் கண்டுகொள்ளாத குழுவில் இன்னொரு தடவை ஒட்டுவார்.

போனை மறக்க நீலகிரி மலை ரயிலைவிடத் தோதான இடம் கிடையாது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 46 கிலோமீட்டர்தான். ஏறி முடிக்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம் தொடங்கும். அதைப் பல்சக்கரம் கவ்விக் கவ்வி ஏற, நீராவி இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும். காட்டுக்குள் சிக்னல் அடிக்கடி காணாமல் போகும். அப்போதுதான் துறவியின் முகம் வாடும். சிக்னலே இல்லாத இடத்தில் போனைத் தொடாமலிருப்பதில் என்ன பெருமை?

டிக்கெட் பரிசோதகர் வருவார். டிக்கெட் போனில், ஆதாரும் போனில்.

"நீயே எடுத்துக் காட்டும்மா, நான் தொடக்கூடாது."

மனைவி காட்டுவார்.

"அப்படியே ஸ்டேட்டஸை எத்தனை பேர் பார்த்திருக்காங்கன்னும் பாத்துடு."

ஏகாதசிக்குச் சோறு தொடாமல் ஆறு தோசை சாப்பிடுகிற விரதம் இது.

எதிர் சீட்டுக்காரரிடம், திரை பார்க்காவிட்டால் தூக்கம் எப்படி வரும் என்று ஒரு பிரசங்கம். சுரங்கத்துக்குள் இருட்டிலும் அது நிற்காது. பாதையில் சுரங்கங்கள் 16. எதிர் சீட்டுக்காரருக்கு உடனே தூக்கம் வந்துவிடும், அந்த வகையில் பிரசங்கம் உண்மைதான்.

ஹில்குரோவில் இன்ஜின் தண்ணீர் குடிக்கும். பயணிகள் டீ குடிப்பார்கள். துறவியின் பணமெல்லாம் ஜிபேயில். மனைவிதான் பர்ஸைத் திறந்து ரொக்கம் கொடுப்பார். அவருடைய போன் பெட்டியின் அடியில் புடவைகளுக்குள் கிடக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை, ஜன்னலோரம் உட்கார்ந்து அருவியைப் பார்த்துக்கொண்டு வருகிறார். அதற்குள் ஒரு குரங்கு துறவியின் வடையைப் பிடுங்கிக்கொண்டு ஓடும்.

"அடடா, ஒரு போட்டோ எடுத்திருக்கலாமே!"

வடை போனதில் வருத்தமில்லை.

இந்த விரதத்தின் முழுப் பலனும் ஊரில் இருக்கும் நமக்குத்தான். ரோஜாப்பூ காலை வணக்கம் இல்லை, சிறுநீரகக் கல்லுக்கு வாழைத்தண்டு வைத்தியம் இல்லை. நிம்மதியாகப் பல் தேய்ப்போம்.

நான்காம் நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு நம் தலைமாட்டில் போன் அதிரும். பாக்கியிருந்த மூன்று நாள் காலை வணக்கமும், தேதிவாரியாக.