பாயைப் புரட்டிப் பார்க்கிற ஊரிலிருந்து

நான் பத்துப் பங்கு வைத்திருக்கும் கம்பெனியின் மகா கனம் பொருந்திய இயக்குநர் குழுவினருக்கு,

பத்தமடை பாய் வியாபாரி எழுதிக்கொண்டது. ஆண்டறிக்கை கிடைத்தது. ஐந்தொகை ஒரு பக்கம், அதற்கான குறிப்புகள் தொண்ணூறு பக்கம். 140 இழைப் பட்டுப்பாயில் பழகிய என் கண்ணுக்கே பூதக்கண்ணாடி வேண்டியிருந்தது.

குறிப்பு 38-ல் ‘கன்டிஞ்சன்ட் லயபிலிட்டி’ என்றிருந்தது. அரை நாள் கழித்துத்தான் பிடிபட்டது: அட, நம்மூர் ஜாமீன் கையெழுத்து! மச்சானின் டிராக்டர் கடனுக்கு நானும் போட்டிருக்கிறேன். அவன் தவணை தவறாதவரை என் கடன் நோட்டில் அது கிடையாது. ராத்திரித் தூக்கமும் கிடையாது. நீங்களும் இந்தியக் கணக்குத் தரநிலை 37-ஐக் காட்டி, தோற்க வாய்ப்பு அதிகம் என்று ஆகாதவரை வரி வழக்கை ஐந்தொகையில் ஏற்றாமல் குறிப்பில் படுக்கப் போட்டிருக்கிறீர்கள். கூட்டிப் பார்த்தேன். இந்த வருட லாபத்தைவிடப் பெரிய தொகை.

குறிப்பு 41, ‘தொடர்புடைய தரப்பினர்’. அதாவது சொந்தக்காரர்களிடம் சரக்கு எடுத்த கதை. எங்களூர்க் கல்யாணப்பாயில் மாப்பிள்ளை பெண் பெயரை நெய்வோம். புரட்டினால் பெயர் இடவலம் மாறித் தெரியும். சொந்தக்காரர் வியாபாரத்திலும் அப்படி ஒன்று நடந்தது. 2008 டிசம்பர் 16-ல் சத்யம் மென்பொருள் கம்பெனி, நிறுவனர் குடும்பத்தின் இரண்டு மேய்டாஸ் கம்பெனிகளை வாங்கப் போவதாக அறிவித்தது. ஆங்கிலத்தில் சத்யத்தைப் பின்னாலிருந்து எழுத்துக்கூட்டினால் மேய்டாஸ்! பங்குதாரர்கள் கொதித்ததும் சில மணி நேரத்தில் பின்வாங்கினார்கள். 2009 ஜனவரி 7-ல் தலைவர் ராமலிங்க ராஜுவே எழுதிக் கொடுத்தார்: கணக்கில் காட்டிய ரொக்கம், வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் கிடையவே கிடையாது. அது பொடி எழுத்தில் ஒளிந்திருக்கவில்லை, ஐந்தொகையிலேயே கொலுவிருந்தது. ஆக, புரட்டினாலும் தெரியாத ஓட்டை உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் பாணியில் நானும் ஒரு பில் போட்டுப் பார்த்தேன். ‘ஆறடிப் பாய் (குறிப்பு 4-ஐப் பார்க்க).’ குறிப்பு 4: நான்கடி கையிருப்பில் உள்ளது, மீதி இரண்டடி, தாமிரபரணியில் ஊறிக்கொண்டிருக்கும் கோரையின் நியாய மதிப்பு. வாங்க வந்த ஆச்சி, “என்னவே, ரெண்டடி ஆத்துல கெடக்கா?” என்று அந்தப் பாயாலேயே நாலு சாத்து சாத்தினாள்.

அடுத்த பொதுக்கூட்டத்துக்குப் பாய்கள் அனுப்பிவைக்கிறேன். தொண்ணூறு பக்கமும் வாசித்து முடியும்வரை பங்குதாரர்கள் படுக்க இடம் வேண்டுமல்லவா? எல்லாமே முழு ஆறடி.

இப்படிக்கு,
பத்துப் பங்குக்காரன்