சிறுதேரும் டீக்கடைப் பெஞ்சும்: வீரபாண்டியை முன்வைத்து ஓர் ஆய்வு

மதுக்கூடங்களுக்குள் கைக்குழந்தைகளையும் அவர்களை வைத்துத் தள்ளிவரும் வண்டிகளையும் விடலாமா, கூடாதா என்பது மேலைநாடுகளில் இன்னும் தீராத வழக்கு. தமிழாய்வுலகம் இதைக் கண்டுகொள்ளாததில் வியப்பில்லை. ஒரே நூலில் உவமைகளை ஒருவர் எண்ணி முடித்ததும் அடுத்தவர் முதலிலிருந்து எண்ணத் தொடங்கும் துறைக்கு நேரம் ஏது? அக்குறை போக்க எழுந்ததே இக்கட்டுரை. களம், தேனியிலிருந்து கம்பம் போகும் சாலையில் முல்லைப் பெரியாற்றங்கரையில் இருக்கும் வீரபாண்டி. களத்தைத் தேர்ந்த காரணத்தை முன்னுரையில் சொல்லியாக வேண்டும் என்பது விதி. பஸ் அங்கே நின்றது.

முதலில் முன்னோர் மொழிந்தவை. இங்கிலாந்தின் 1902ஆம் ஆண்டுச் சட்டம், ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொறுப்பில் வைத்துக்கொண்டு பொது இடத்தில் போதையில் இருப்பதைக் குற்றமாக்கியது. 1908இல் வந்த குழந்தைகள் சட்டம் பதினான்கு வயது ஆகாதவர்களை மது பரிமாறும் அறைக்குள் வரவிடாமல் தடுத்தது. வண்டியைப் பற்றிய மூலபாடம் இவற்றுக்கும் முந்தியது. வண்டி, குதிரை, மாடு, நீராவி எந்திரம் ஆகியவற்றைத் தெருவில் போதையோடு நடத்திச் செல்வது 1872ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தள்ளுவண்டி இந்நான்கில் எவ்வினம் என்பது உரையாசிரியர்களுக்கு விடப்பட்டது. மாடு என்று கொள்வாரும் உளர் (டீக்கடைப் பெஞ்சின் இடக்கோடியார், வாய்மொழி).

தமிழ்நாட்டுச் சட்டம் சுருக்கமானது: இருபத்தொரு வயது நிரம்பாதவருக்கு மது கிடையாது. இயல் முடிந்தது.

முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த 21 உறுத்துகிறது. பிள்ளைத்தமிழுக்குப் பருவம் பத்து. பொதுவாகச் சொல்லும் கணக்கின்படி மூன்றாம் மாதத்தில் காப்பு, பிறகு இரண்டிரண்டு மாத இடைவெளியில் செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி, சிற்றில், சிறுபறை. கடைசியில், சரியாக 21ஆம் மாதத்தில் சிறுதேர். குழந்தைக்கு வண்டி கிடைப்பது 21ஆம் மாதம். குடிமகனுக்குப் பார் கிடைப்பது 21ஆம் வயது. இதைத் தற்செயல் என்று தள்ளுபவர் ஆய்வாளர் அல்லர். 'மாதம்' என்றிருப்பது ஏடு பெயர்த்தவரின் கைப்பிழை, 'ஆண்டு' என்பதே சுத்தபாடம் என்று இக்கட்டுரையாளர் துணிகிறார். தமக்கு ஒத்துவராத சொல்லை எல்லாம் ஏடு பெயர்த்தவர் தலையில் கட்டிப் பேராசிரியர் பதவி வரை போனவர்கள் இருக்கிறார்கள். ஒரே ஒரு மாதத்தை மாற்றிக்கொள்ள இவருக்கும் உரிமை உண்டு.

சுத்தபாடத்தை ஏற்றவுடன் எல்லாம் விளங்கிவிடுகிறது. 2003 முதல் சில்லறை விற்பனையையும் அரசே நடத்திவரும் டாஸ்மாக் கடையை ஒட்டிய பாருக்குள் ஒருவர் நுழைவதிலிருந்து, இரவு பத்து மணிக்குக் கடை அடைக்கும் வரை, பருவங்கள் பத்தும் கடைசியிலிருந்து முதலுக்குத் திரும்புகின்றன. வருவது டிவிஎஸ் எக்செல்லில், அது சிறுதேர். உட்கார்ந்ததும் பிளாஸ்டிக் டம்ளரைக் கவிழ்த்து மேசையில் தாளம் போடுவது சிறுபறை. அடுத்தது சிற்றில். சிறுமியர் கட்டிய மணல்வீட்டைச் சிதைக்காதே என்று கெஞ்சுவது இலக்கிய மரபு. இங்கே பக்கத்து மேசைக்காரர் தட்டில் கூட்டிவைத்த வேர்க்கடலைக் குவியலுக்குள் கை போகிறது, அவர் கெஞ்சுகிறார் (சான்று: மேற்படி தட்டு, விளிம்புச் சிதைவு, வெங்காயம் இல்லை). வெளியே வந்து நிலாவைத் துணைக்குக் கூப்பிட்டால் அம்புலி. 'வா மாப்ள, வந்து உக்காரு மாப்ள' என்று முன்பின் தெரியாதவரை அழைத்தால் வருகை. அரைமணி முன்னால் சட்டையைப் பிடித்தவரின் கன்னத்தில் கொடுப்பது முத்தம். சப்ளையரைக் கைதட்டிக் கூப்பிடுவது சப்பாணி. மேசையிலேயே தலை சாய்ந்தால் தால்.

செங்கீரையில்தான் ஆய்வு உச்சத்தைத் தொடுகிறது. ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, இரு கைகளையும் தரையில் ஊன்றித் தலைநிமிர்ந்து அசைவது என்று நூலோர் இப்பருவத்தை விளக்குவர். பத்து மணிக்கு விளக்கணைத்த பின் செருப்பைத் தேடுபவரின் நிலை இம்மியும் பிசகாமல் இதுவே. (முழு விளக்கம்: பெஞ்சின் வலக்கோடியார் இரண்டாம் டீக்குப் பின் அருளியது, அதற்கு இடக்கோடியாரின் மறுப்பு, அம்மறுப்புக்கு வலக்கோடியார் பொறை கட்டிய காகிதத்தின் பின்பக்கம் வரைந்த கோட்டோவியம், எண்ணெய் பட்டதால் இடது முழங்கால் தெளிவில்லை, பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பியுள்ளார்.) எஞ்சுவது காப்பு. வீடுவரை பாடப்பட வேண்டியது.

ஆகவே பாருக்குள் குழந்தைகளை விடலாமா என்ற வினாவே பொருந்தாது. அங்கே வேறு யாரும் இல்லை. பிள்ளைத்தமிழ் நூல்களில் பழையது ஒட்டக்கூத்தர் குலோத்துங்கனைப் பாடியது. சோழப் பேரரசனையே தொட்டிலில் போட்ட மரபு நமது. ஒரு எக்செல்காரரைப் போடத் தயங்குவானேன்?

இனி டீக்கடை. இங்கிலாந்துக்காரருக்கு மதுக்கூடம் எதுவோ, வீரபாண்டிக்கு டீக்கடை அது: ஊர்க்கதை, பேப்பர், 'இங்கு அரசியல் பேசாதீர்கள்' என்ற பலகைக்கு நேர்கீழே அரசியல். குழந்தைக்குத் தடையில்லை. தாத்தா பேரனை மடியில் இருத்திக்கொண்டு, 'மாஸ்டரே, பிள்ளைக்கு ஒரு அரைப்பால், நல்லா ஆத்திக் குடுங்க' என்கிறார். மாஸ்டர் ஆற்றிய பாலை டபராவில் ஊற்றித் தருகிறார். தாத்தா புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகே அது பையன் வாய்க்குப் போகும். பன்னை நனைக்கும்போது பாதி உள்ளே விழுந்துவிட்டால், தொல்காப்பியர் சொன்ன மெய்ப்பாடு எட்டும் ஒரே டபராவுக்குள் நிகழ்ந்து முடியும். பெருமிதம் கடைசியில் வரும், சட்டை முழுக்கப் பாலோடு.

வண்டி? டீக்கடைக்குள் விடலாமா என்று கேட்கக் கடைக்கு உள் என்று ஒன்று வேண்டும். கதவு வைத்தவனுக்குத்தான் யாரை விடுவது என்ற கவலை. பெஞ்சு சாலையோரத்தில் கிடக்கிறது, வண்டி தானாகவே கடைக்குள் நிற்கிறது. சாலையில் தேரை நிறுத்துவதற்கு முல்லைக்கொடிக்காகப் பாரி செய்த முன்னுதாரணமும் இருக்கிறது. அவர் அதை எடுக்கத் திரும்பி வந்ததாகவும் தெரியவில்லை.

உண்மையான சிக்கல் சித்திரையில் வரும். கௌமாரியம்மன் கோயில் திருவிழா எட்டு நாள். தீச்சட்டிகளும் நேர்த்திக்கடன்களும் சாலை கொள்ளாது. மாரியம்மனிடம் வேண்டிப் பிள்ளை பெற்றவர்கள் கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, சேலையில் தொட்டிலிட்டு, குழந்தையைச் சுமந்து வருவது நம் பக்கத்து வழக்கம். சக்கரமில்லாத, இரண்டு ஓட்டுநர் கொண்ட, தேவைப்பட்டால் கடித்தும் தின்னக்கூடிய தள்ளுவண்டி உலகில் இது ஒன்றே. முன்னால் ஒருவர் தோள், பின்னால் ஒருவர் தோள். டீ குடிக்க இருவருக்கும் கை ஒழியாது. முன்னால் இருப்பவர் கடைப்பக்கம் திரும்பினால் பின்னால் இருப்பவர் பஸ்ஸுக்கு முன்னால் போய் நிற்பார். இந்த வடிவியலுக்கு ஐரோப்பியச் சட்டங்களில் தீர்வு இல்லை. கடைக்காரரிடம் இருக்கிறது: கிளாஸோடு அவரே சாலைக்கு வருகிறார்.

கிளாஸ் முன்தோளுக்கு வந்தது. பின்தோளில் இருந்தவர் அம்மா.

பின்னர்ப் பார்த்தால் பெஞ்சு நெடுக இதே நிலை. ஒன்பது மாதக் குழந்தை உட்கார்ந்திருக்கிறது, அதன் அப்பா உட்கார்ந்திருக்கிறார், தாத்தாவுக்கு நிரந்தர இடம். பெற்றவள் பைக் பக்கத்தில் பையோடு நிற்கிறாள். டீ கேட்டால் நின்றபடி, இல்லையென்றால் பார்சல். உட்காரக் கூடாது என்று எந்தப் பலகையும் இல்லை. பெண்பாற் பிள்ளைத்தமிழிலும் சிறுதேர் கிடையாது. அந்த இடத்தில் ஊசல். 21ஆம் மாதத்திலேயே ஆண்பிள்ளைக்குப் போய்வர வண்டி, பெண்பிள்ளைக்கு இருந்த இடத்திலேயே ஆட ஊஞ்சல்.

இதை விரித்து ஐந்தாம் இயல் எழுதப்பட்டது. தலைப்பு குழந்தையையும் வண்டியையும் பற்றியது, தள்ளுபவரைப் பற்றியதல்ல என்று பெஞ்சின் இரு கோடிகளும் முதன்முறையாக ஒருமனதாக ஆட்சேபித்ததால் அது நீக்கப்பட்டது. பொருளடக்கத்தில் மட்டும் இன்னும் இருக்கிறது.