போத்தல் அண்ணை

குசினி மேசையில் பெட்டி வைனைக் கண்டதும் அண்ணையின் புருவம் மேலே ஏறும். "உதென்ன, பெட்டியோ?" என்பார். பிறகு சுட்டுவிரலால் அதைச் சுவரோரம் தள்ளிவிட்டு, "கறிக்கு ஊத்தலாம்" என்று தீர்ப்புச் சொல்வார். எங்கள் கறி எதற்கும் வைன் ஊற்றுவதில்லை என்பது அவருக்கும் தெரியும். மெல்பேர்ணில் தமிழர் வீட்டு விருந்து எதற்குப் போனாலும் இப்படி ஒரு போத்தல் அண்ணை நிற்பார்.

அண்ணை வைனைக் குடிப்பதில்லை, ஆராய்வார். கிளாஸின் தண்டை இரண்டு விரலால் பிடித்து, கை துடைக்கும் வெள்ளைத் தாளுக்கு நேரே சரித்து நிறம் பார்ப்பார். சுழற்றுவார். கிளாஸின் உட்புறத்தில் வழிந்து இறங்கும் கோடுகளைச் சாதகம் பார்ப்பதுபோல உற்றுப் பார்ப்பார். பிறகு மூக்கு முழுவதும் உள்ளே போகும், கண் மூடும். மட்டன் ரோல்ஸைப் பாதி கடித்தபடி நாங்கள் நிற்போம். யாராவது மெல்லுகிற சத்தம் கேட்டால் ஒரு கையைத் தூக்கி அடக்குவார். ஒருநாள் இந்த நேரம் பார்த்து என் மனைவி, "அண்ணை, சோறு ஆறுது, வாங்கோ" என்று கூப்பிட்டுவிட்டா. மூக்கை வெளியே எடுத்து, "குழப்பிப்போட்டியே பிள்ளை" என்றவர், மறுபடி நிறம் பார்ப்பதிலிருந்து தொடங்கினார். சோறு ஆறியே போனது.

ஒருவழியாகத் தீர்ப்பு வரும். "பிளாக்கரண்ட்... ஈரக் கல்லு... கடைசியில கொஞ்சம் சுருட்டுப் பெட்டி." பிளாக்கரண்டை அண்ணை செடியில் கண்டிருக்க மாட்டார், ஜாம் போத்தலில் கண்டிருப்பார். ஈரக் கல்லை எந்த ஊரில் மோந்து பார்த்தாரோ! சுருட்டுப் பெட்டியை மட்டும் நம்பலாம், யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போனவர். ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு வைனிலாவது அவருக்குப் பனங்கட்டி வாசமோ விளாம்பழ வாசமோ அடித்ததில்லை. அவருக்கு முன்னமே அவருடைய மூக்கு அவுஸ்திரேலியப் பிரஜாவுரிமை எடுத்துவிட்டது.

அந்த நாட்டுப்பற்றுக்காகவாவது பெட்டியை மதிக்கலாம். பெட்டி வைன் இந்த நாட்டுக் கண்டுபிடிப்பு. தென் அவுஸ்திரேலியாவில், மரே ஆற்றங்கரையிலுள்ள ரென்மார்க்கில் வைன் செய்த தோமஸ் அங்கோவ் 1965இல் அதற்குக் காப்புரிமை எடுத்தார். அட்டைப்பெட்டிக்குள் ஒரு கலன் வைன் நிரப்பிய பிளாஸ்டிக் பை. மூலையை வெட்டி ஊற்றிவிட்டுக் கிளிப்பால் நெரித்து மூட வேண்டும். குழாய் பிறகுதான் வந்தது. வைன் இறங்க இறங்கப் பை சுருங்கும், காற்று உள்ளே போகாது, அதனால் திறந்த பெட்டி நாலைந்து கிழமை தாங்கும். திறந்த போத்தல் ஒரு சில நாளில் சப்பென்று போய்விடும். வேலையால் வந்து ஒரேயொரு கிளாஸ் குடித்துவிட்டுப் படுக்கிறவனுக்கு எது தோது?

இதைச் சொன்னால் அண்ணை ஒரே அடியில் மடக்குவார்: "தம்பி, நல்ல வைனை இருபது வருஷம் கிடத்தி வைக்கவேணும். பெட்டியில ஏலுமோ?" ஏலாதுதான். பிளாஸ்டிக்கினூடாகக் காற்று மெல்ல மெல்ல உள்ளே கசியும். திறக்காமல் வைத்தாலும் பெட்டியை ஒரு வருஷத்துக்கு மேல் நம்ப முடியாது. மலிவு வைன்தான் பெரும்பாலும் அதற்குள் போகிறது என்பதும் மெய். ஆனால் அண்ணையின் போத்தல் வெள்ளிக்கிழமை பின்னேரம் கழிவு விலையில் வாங்கியது, அன்றிரவே முடிந்துபோவது. அது கிடந்ததெல்லாம் மூன்று மணித்தியாலம், அதுவும் காரின் பின்சீற்றில்.

போத்தலுக்குள் பெட்டி வைனை ஊற்றிக் கொடுத்து அண்ணையை மடக்கினேன் என்று எழுதப்போகிறேன் என நினைப்பீர்கள். அதைவிடப் பொல்லாத வேலையைப் பிரெடெரிக் புரோஷே என்ற பிரெஞ்சு ஆய்வாளர் செய்துவிட்டார். போர்தோவில் வைன் செய்முறை படிக்கும் 54 மாணவர்களுக்கு, வெள்ளை வைனில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். பிள்ளைகள் சிவப்பு வைனுக்குரிய வாசங்களாகப் பார்த்து எழுதித் தள்ளினார்கள். 2001இல் வெளிவந்த இந்த ஆய்வை அண்ணைக்கு விவரமாகச் சொன்னேன். "அதுகள் மாணவர்தானே" என்றார்.

இரவு பத்துக்குப் பிறகு போத்தல்கள் தீரும். சுவரோரம் தள்ளிய பெட்டியின் குழாயடியில் அப்போது அண்ணையின் கிளாஸ் நிற்கும். சுழற்றலும் இல்லை, மோப்பமும் இல்லை. இதுவரைக்கும் சிரிக்கலாம்.

சிரிக்க முடியாத ஒன்று இருக்கிறது. புதிதாகப் படிக்க வந்த பெடியன் ஒருவன், இரவில் பெற்றோல் செட்டில் வேலை செய்கிறவன், வெறுங்கையோடு வரக்கூடாதென்று நாலு லீற்றர் பெட்டியொன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பஸ்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்தான். அண்ணை அதை வாங்கி எல்லாருக்கும் தெரியத் தூக்கிக் காட்டி, "தம்பி நிலம் துடைக்கக் கொண்டு வந்திருக்கிறார்" என்றார். சபை சிரித்தது. பெடியனும் சேர்ந்து சிரித்தான், வேறென்ன செய்வான்? ஐந்து போத்தலுக்கும் மேலான வைன் அது, வந்தவர்கள் எல்லாருக்கும் என்று கொண்டு வந்தது. அண்ணையின் போத்தலோ அண்ணையின் கைக்கெட்டும் தூரத்தை விட்டு நகராது. "உங்களுக்கு உது விளங்காது" என்று ஒருவருக்கும் ஊற்றமாட்டார். வைன் ஞானம் முழுவதையும் கரைத்துக் குடித்தவருக்கு, விருந்துக்கு வந்தால் பக்கத்தில் இருப்பவனுக்கும் ஊற்ற வேண்டும் என்பதை ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அடுத்த விருந்துக்குப் பெடியன் போத்தலோடு வந்தான். கிளேர் பள்ளத்தாக்கு ரீஸ்லிங். அண்ணை கழுத்தைப் பார்த்தார். "தக்கை இல்லையோ? திருகு மூடியோ? சோடாப் போத்தல் மாதிரியெல்லோ கிடக்கு." தக்கையால் வைன் கெடுகிறதென்று 2000ஆம் ஆண்டிலேயே அந்தப் பள்ளத்தாக்கின் ரீஸ்லிங்காரர்கள் ஒன்றுசேர்ந்து திருகு மூடிக்கு மாறிவிட்டார்கள் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். பெடியன் முந்திக்கொண்டான்.

"அப்ப அடுத்த முறை சோடாவே கொண்டு வரட்டோ அண்ணை?"

அண்ணைக்குக் காது கேட்கவில்லை. மூக்கு வேலையில் இருந்தது.