ஞாயிறு நளன்

வாரத்தில் ஆறு நாள் உப்பு டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஏழாம் நாள் மைதாவை கிராம் கணக்கில் நிறுப்பார். இந்த வகை ஆண்கள் நம் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பெருகி வருகிறார்கள். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். மாரத்தான், சைக்கிள், கேமரா என்று ஒரு சுற்றுப் போய் வந்து, கடைசியில் சமையலறையில் கரை ஒதுங்கியிருப்பார்கள். பொங்கலோ இட்லியோ செய்தால் வீட்டில் இருக்கும் பெண்கள் குறை கண்டுபிடித்துவிடுவார்கள். பழம் போட்ட பான்கேக்கில் அந்த ஆபத்து குறைவு. அவர் அதைத் தேர்ந்தெடுத்த ரகசியம் இவ்வளவுதான்.

காலையில் எழுந்ததும் அறிவிப்பு வரும். "இன்னிக்கு யாரும் கிச்சன் பக்கம் வரக்கூடாது. எல்லாருக்கும் ரெஸ்ட்!"

காபி ஆறுவதற்குள் முதல் குரல். "இங்க பாரு, சல்லடை எங்க?" அடுத்து அளவு ஸ்பூன். அடுத்து வெண்ணெய் உருக்க ஒரு சின்னக் கிண்ணம். "அது இல்ல, இன்னும் சின்னது." ரெஸ்டில் இருக்கும் மனைவி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிடுவார். போய்ப் படுத்தால் மறுபடியும் எழுந்து வரவேண்டுமே.

அவர் சொல்வதில் தப்பில்லை என்பதுதான் இதில் கொடுமை. பேக்கிங் பவுடர் ஈரம் பட்டதும் ஒருமுறை பொங்கும், சூடு ஏறியதும் இன்னொரு முறை பொங்கும். சோடா உப்பு போட்டால் மோர் மாதிரி புளிப்பான ஒன்று கூட வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கார்பன் டை ஆக்சைடு கிளம்பி மாவைத் தூக்கும். எல்லாம் சரி. பசியோடு உட்கார்ந்திருக்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்லலாமா என்பதுதான் கேள்வி.

அந்த நேரம் பார்த்து அவருடைய அம்மா உள்ளே எட்டிப் பார்ப்பார்.

"ஏன்டா, மாவு கட்டி கட்டியா இருக்கு? கரைக்கக்கூடவா தெரியாது?"

"கட்டி இருக்கணும்மா. ரொம்பக் கலக்கினா குளூட்டன் இறுகிடும். அப்புறம் சவ்வு மாதிரி இழுக்கும்."

"கார்த்திகைக்கு நானும்தான் வாழைப்பழம் பிசைஞ்சு போட்டு அப்பம் சுடறேன். என்னைக்காவது இப்படி வியாக்கியானம் பண்ணியிருக்கேனா?"

இதற்குப் பதில் கிடையாது. மாவு பத்து நிமிடம் ஊறவேண்டும் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்.

தவாவில் ஊற்றும் முதல் பான்கேக் கணக்கில் சேராது. சூடு எல்லா இடத்திலும் ஒன்றுபோல் பரவியிருக்காது, அதனால் ஒரு பக்கம் கருகும், ஒரு பக்கம் வெளுக்கும். அதைப் பேசாமல் தானே தின்றுவிடுவார். அவரிடம் எனக்குப் பிடித்த குணம் இது ஒன்று. இரண்டாவதில் ஆள் மாறிவிடுவார். ஊற்றியதும் வாழைப்பழத் துண்டுகளை மேலே பதிப்பார். மாவிலேயே கலந்தால் பழம் நீர்விட்டு நடுவில் வேகாது. குமிழி வரும், வெடிக்கும், வெடித்த ஓட்டை மூடாமல் நிற்கும். அப்போது ஒரே திருப்பு. பொன்னிறத்தில் தடியாக, உப்பி வருகிறது. மனதாரச் சொல்கிறேன், அழகாகவே வருகிறது.

அதை அவர் போட்டோ எடுக்கப் போனைத் தேடும் இடைவெளியில், அம்மா தோசைத்திருப்பியை எடுத்துப் பான்கேக்கின் தலையில் ஓர் அழுத்து அழுத்துவார். அறுபது வருஷக் கைப்பழக்கம். புஸ்ஸென்று காற்று போகும்.

"அம்மா!"

"நடுவுல வேகவேண்டாமா?"

பழ விஷயத்தில் இவருக்குத் துணிச்சல் அதிகம். புளூபெர்ரி டப்பா சிறிது, விலை பெரிது. எனவே ஆனி மாதத்தில் ஒருநாள் நாவல் பழத்தை நறுக்கிப் போட்டார். உப்பவேண்டும் என்ற ஆசையில் சோடாவையும் தாராளமாகப் போட்டிருந்தார். பழத்தைச் சுற்றிப் பச்சையும் நீலமுமாக வளையம்.

"ப்பா, பூஞ்சை பிடிச்சிருக்கு."

"பூஞ்சை இல்லடா, ஆந்தோசயனின். புளிப்புல சிவப்பு காட்டும், காரத்துல இப்படி நிறம் மாறும்."

"எனக்குக் காரம் வேண்டாம்ப்பா."

அன்று மனைவி மெதுவாக, "இட்லி மாவு இருக்கு, ரெண்டு ஊத்தித் தரட்டுமா?" என்று கேட்டுவிட்டார். அதன்பின் மத்தியானம் வரை வீட்டில் பேச்சில்லை.

பரிமாறும்போதும் பாடம் நிற்காது. மேப்பிள் சிரப்பைப் பிள்ளை சாய்த்ததும் பாட்டிலின் கழுத்தைப் பிடித்துவிடுவார். "பாத்துடா! 40 லிட்டர் மரச்சாற்றைக் காய்ச்சினா 1 லிட்டர்தான் கிடைக்கும்!" பையன் பாட்டிலை வைத்துவிட்டு நாட்டுச்சர்க்கரை டப்பாவைத் திறப்பான். பாட்டி ரகசியமாக நெய் விடுவார். மூவரும் தட்டைக் காலி செய்வதைப் பார்த்து அவர் முகத்தில் வரும் பெருமையைக் கலைக்க யாருக்கும் மனம் வராது.

பத்தரை மணி. பாத்திரத் தொட்டி நிரம்பி வழிகிறது. வேலை செய்யும் அம்மாவுக்கு ஞாயிறு லீவு. மேடையெங்கும் மைதா. நளன் கையைத் துடைத்துக்கொண்டு சோபாவில் காலை நீட்டுகிறார்.

"வாரத்துல ஒரு நாளாவது உனக்கு ரெஸ்ட் கிடைக்கணும்ல?"

சமையலறையில் குழாய் ஓடும் சத்தம்.

"அடுத்த வாரம் ஜப்பான் ஸ்டைல் சூஃப்ளே பான்கேக். வெள்ளைக்கருவைத் தனியா அடிச்சு நுரை எடுக்கணும்."

"அடுத்த ஞாயிறு எங்க அண்ணன் வீட்டுல காதுகுத்துங்க. காலையிலயே கிளம்பணும்."

கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அவங்க வீட்டுல நான்ஸ்டிக் தவா இருக்கா?"