துர்காபாயிடம் நிபந்தனை போடாதீர்கள்

விடுதலைப் போராட்ட வீரரும் சமூக சேவகருமான துர்காபாய் தேஷ்முக்கிடம் "முடியாது" என்று சொல்லித் தப்பித்தவர்கள் ஒன்றிரண்டு பேர் இருக்கலாம். "இது இருந்தால் பார்க்கலாம்" என்று சொன்னவர்கள்தான் வசமாக மாட்டிக்கொண்டார்கள். ஆளை நோகாமல் வழியனுப்புவதாக நினைத்து அவர்கள் ஒரு நிபந்தனை போடுவார்கள். அவரோ அதை எழுதிக்கொடுத்த பத்திரமாக எடுத்துக்கொண்டு, சொன்னதை முடித்துவிட்டு மறுபடியும் வந்து நிற்பார்.

முதலில் அகப்பட்டவர்கள் காக்கிநாடா காங்கிரஸ்காரர்கள். 1921இல் காந்தி அந்த ஊருக்கு வருகிறார். பன்னிரண்டு வயதுகூட நிறையாத ஒரு சிறுமி வந்து, தேவதாசிப் பெண்களும் பர்தா அணிந்த முஸ்லிம் பெண்களும் காந்தியைத் தனியே பார்க்க ஏற்பாடு செய்யுங்கள் என்று கேட்டாள். 5,000 ரூபாய் திரட்டிக்கொடு, ஐந்து நிமிஷம் தருகிறோம் என்றார்கள் பெரியவர்கள். நிமிஷத்துக்கு ஆயிரம். ஒரு குழந்தையை வீட்டுக்குப் போகச் சொல்வதற்கு அந்தக் காலத்தில் இதைவிடக் கௌரவமான வழி இருந்திருக்காது. குழந்தை வீட்டுக்குப் போகவில்லை, தேவதாசிகளிடம் போனது. பணம் வந்து சேர்ந்தது. ஐந்து நிமிஷத்துக்கென்று வந்த காந்தி அரைமணிக்கு மேல் பேசினார். பெண்கள் நகைகளைக் கழற்றிக் கழற்றிப் போட்டதில் வசூல் 25,000 ரூபாயைத் தொட்டது. காந்தியின் இந்தியை அன்று தெலுங்கில் பெயர்த்துச் சொன்னவளும் அதே சிறுமிதான்.

இந்தி எங்கிருந்து வந்தது? பள்ளியில் ஆங்கிலவழிக் கல்வியைத் திணிக்கிறார்கள் என்று கோபித்துக்கொண்டு படிப்பை நிறுத்திய துர்காபாய், தானே இந்தி கற்று, ஊர்ப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு பள்ளிக்கூடமும் தொடங்கியிருந்தார். படிப்பை நிறுத்திய கையோடு பள்ளிக்கூடம் நடத்தியவர்கள் அதிகம் பேர் இருக்க முடியாது.

இதற்கெல்லாம் முன்பே எட்டு வயதில் கல்யாணம் வேறு ஆகியிருந்தது. விவரம் தெரிந்ததும், இது நமக்குச் சரிப்படாது, வேறு பெண்ணைப் பார்த்துக் கட்டிக்கொள்ளுங்கள் என்று மாப்பிள்ளையிடமே சொல்லிவிட்டார். பிறந்த வீட்டார் பெண் பக்கம் நின்றார்கள். 1920களின் ஆந்திரத்தில் பெண்ணின் பேச்சைவிட அதுதான் பெரிய அதிசயம்.

பிறகு 1923. காக்கிநாடாவில் காங்கிரஸ் மகாநாடு, பக்கத்திலேயே காதிக் கண்காட்சி. வாசலில் தொண்டர் துர்காபாய். டிக்கெட் இல்லாமல் யாரையும் விடக்கூடாது என்பது அவருக்கு இட்ட உத்தரவு. வந்தவர் ஜவாஹர்லால் நேரு. "டிக்கெட்?" இல்லை. "அப்படியானால் உள்ளே போக முடியாது." பின்னால் ஓடிவந்த நிர்வாகிகளுக்கு வியர்த்துப்போயிற்று. பெண்ணைக் கடிந்துகொண்டார்கள். நீங்கள் சொன்னதைத்தானே செய்தேன் என்றார் அவர். கடைசியில் நேருவுக்கு டிக்கெட் வாங்கிக்கொடுத்துத்தான் உள்ளே அழைத்துப்போனார்கள். நேரு கோபிக்கவில்லை, பெண்ணைப் பாராட்டினார். இன்று டெல்லி மெட்ரோவில் துர்காபாய் பெயரில் ஒரு நிலையம் இருக்கிறது. அங்கேயும் டிக்கெட் இல்லாமல் வாசல் திறக்காது. பெயர் வைத்தவருக்கு இந்தக் கதை தெரிந்திருந்தால் சபாஷ்.

1930இல் உப்புச் சத்தியாக்கிரகத்துக்காகச் சென்னையில் கைதானார். அடுத்த சில ஆண்டுகளில் வேலூர், மதுரை என்று சிறைகளைப் பார்த்தார். மதுரையில் தனிமைச் சிறை. சட்டம் தெரியாமல், எடுத்துச் சொல்ல ஆளும் இல்லாமல் தண்டனை வாங்கிய பெண்களை உள்ளே சந்தித்தபோதுதான் வக்கீலாக வேண்டும் என்று தோன்றியது. அதில் ஒரு சின்ன இடைஞ்சல். கையில் மெட்ரிக்குலேஷன்கூட இல்லை.

காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிக் பரீட்சையைத் தனித்தேர்வராக எழுதித் தேறினார். பி.ஏ. படிக்க வால்டேருக்குப் போனால், ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் சி.ஆர். ரெட்டி, பெண்களுக்கு இங்கே விடுதி இல்லையே அம்மா, எப்படிச் சேர்ப்பது என்று கையை விரித்தார். பாவம், அவரும் ஒரு நிபந்தனை போட்டுவிட்டார். துர்காபாய் பத்திரிகையில் ஓர் அறிவிப்புக் கொடுத்தார்: விடுதி இல்லாததால் பல்கலைக்கழகத்தில் சேர முடியாத பெண்கள் எழுதவும். கடிதங்கள் வந்தன. பெண்களைத் திரட்டி விடுதியை அவரே ஆரம்பித்துவிட்டு, இப்போது சேர்த்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். துணைவேந்தருக்கு வேறு வழி?

அப்புறம் சென்னையில் சட்டப் படிப்பு, வக்கீல் தொழில். இந்த அலைச்சலுக்கு நடுவில் 1937இல் ஆந்திர மகிளா சபா. மயிலாப்பூரில் பிள்ளைகளைக் கூட்டி ஆடவும் பாடவும் வைத்த சங்கமாகத்தான் தொடங்கியது. படிப்பு விட்டுப்போன பெண்களைக் காசி மெட்ரிக்குக்குத் தயார் செய்யும் வகுப்புகள் சேர்ந்தன. தான் ஏறிய அதே ஏணியை மற்றவர்களுக்கும் பிடித்துக்கொண்டு நின்றார் என்று சொல்லலாம். நாளடைவில் மருத்துவமனை, பள்ளி, பயிற்சி நிலையம் என்று சபா கிளைவிட்டது. அடையாறு பக்கம் துர்காபாய் தேஷ்முக் சாலையில்தான் அந்த மருத்துவமனை இருக்கிறது.

அரசியல் நிர்ணய சபையில் இருந்த 15 பெண்களில் அவர் ஒருவர். மாநிலங்களவை உறுப்பினருக்குக் குறைந்தபட்ச வயது 35 என்றிருந்ததை 30ஆக இறக்கத் திருத்தம் கொண்டுவந்தார். சிறுவயதிலேயே இந்தி வாத்தியாராக இருந்தவர், 1949 மொழி விவாதத்தில் இந்திக்காரர்களின் அளவு மீறிய உற்சாகமே மற்றவர்களை விலகவைக்கிறது என்று சொன்னதையும் குறித்துக்கொள்ளலாம். இந்தி மேல் பிரியம் உள்ளவர் சொன்ன புத்திமதி. யாருக்குக் காதில் விழுந்ததோ!

1952 தேர்தலில் தோற்றார். திட்டக்குழு அழைத்துக்கொண்டது. அங்கே நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக், ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய ஆளுநராக இருந்தவர், 'மேகதூத'த்தை மராத்தியில் பெயர்த்தவர், மனைவியை இழந்தவர். 1953 ஜனவரி 22இல் இருவருக்கும் பதிவுத் திருமணம் நடந்தது. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் பிரதமர் நேரு. இந்த முறை அவரிடம் யாரும் டிக்கெட் கேட்கவில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டில் மத்திய சமூக நல வாரியம் பிறந்தது. தலைவர் துர்காபாய். தொண்டு நிறுவனங்களுக்கு உதவ முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் 4 கோடி ரூபாய். பணம் கேட்கும் துறையும் பணம் தரும் துறையும் ஒரே வீட்டில் சாப்பிட்டன. சாம்பாருக்கு உப்புக் குறைந்தால் யார் யாரிடம் சொல்வது என்பதுதான் சிக்கலாக இருந்திருக்கும்.

சீனாவுக்குப் போய்த் திரும்பியவர், குடும்பத் தகராறுகளுக்குத் தனி நீதிமன்றம் வேண்டும் என்று பிரதமரிலிருந்து நீதிபதிகள்வரை எல்லோரிடமும் சொல்லிவந்தார். கேட்ட யாரும் நிபந்தனை போடவில்லை. அதனால்தானோ என்னவோ, சட்டம் 1984இல்தான் வந்தது. அவர் 1981இலேயே காலமாகிவிட்டார்.

1975இல் பத்ம விபூஷண் அந்த வீட்டுக்கு இரண்டாக வந்தது, அவருக்கு ஒன்று, கணவருக்கு ஒன்று. துர்காபாய் எழுதிய சுயசரிதைக்கு 'சிந்தாமணும் நானும்' என்று பெயர் வைத்தார். சொந்தக் கதையின் அட்டையிலேயே கணவர் முதலில் வருகிறார். சிந்தாமண் தேஷ்முக் தம் கதையை அதற்கு முன்பே எழுதி முடித்திருந்தார். அதன் தலைப்பு, 'என் வாழ்க்கையின் போக்கு'.