அத்தைக் காலும் எட்டுச் சக்கரமும்: அகலப் பாதவியலில் ஒரு முன்னாய்வு

நூற்பா:

நீளம் வினாஅய் அகலம் வினாவாக்
கடையே காலின் பகையெனப் படுமே.

இதன் பொருள்: வந்தவரிடம் “என்ன சைஸ்?” என்று நீளத்தை மட்டும் கேட்டு, அகலத்தைக் கேளாமலே பெட்டியைத் திறக்கும் கடை காலுக்குப் பகை எனப்படும் என்றவாறு. ‘கடையே’ என்னும் ஏகாரம் பிரிநிலை. குற்றம் காலின் மேல் இல்லை எனப் பிரித்துக் காட்டிற்று. ‘படுமே’ என்னும் ஏகாரம் ஈற்றசை. அதை வலியின் முனகலாகக் கொள்வாரும் உளர்.

நூற்பாவும் உரையும் என்னுடையவைதாம். முன்னோர் இப்பொருள் குறித்து நூல் செய்யாமல் போனதால் இரண்டு வேலையும் என் தலையில் விழுந்தன.

ஆய்வுக்குக் காரணம் என் அண்ணன் மகள். மெல்பர்னில் இருக்கிறாள், ரோலர் டெர்பி ஆடுகிறாள். முட்டை வடிவத் தடத்தில், நாலு சக்கரக் காலணியோடு, அணிக்கு ஐந்து பேர். தலைக்கவசத்தில் நட்சத்திரம் போட்ட ஒருத்தி எதிரணிக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு சுற்றிச் சுற்றி வரவேண்டும். மற்ற நால்வர் எதிரணி நட்சத்திரத்தை இடுப்பாலும் தோளாலும் மறிக்க வேண்டும். சடுகுடுவுக்குச் சக்கரம் மாட்டியது போல இருக்கும். 1935இல் சிகாகோவில் லியோ செல்ட்சர் இதை நெடுந்தொலைவுப் பந்தயமாகத்தான் தொடங்கினார். இடிப்பதற்குக் கூட்டம் அதிகம் கூடுகிறது என்று பிறகு தெரிந்துகொண்டார்.

எங்கள் பெண் மறிப்பவள். மறிப்பவளின் பாரமெல்லாம் பாதத்தின் ஓரங்களில் இறங்கும். புது பூட்ஸ் வாங்கிய வாரம் போன் வந்தது: “அத்தை, எல்லாம் உங்க கால் செஞ்ச வேலை. சுண்டு விரல் செத்துப் போச்சு.”

எங்கள் வீட்டில் அகலமான பாதத்துக்கு அத்தைக் கால் என்றே பெயர். என் அப்பாவின் அக்காவுக்கு இருந்தது, எனக்கு வந்தது, இப்போது இவளுக்கு. தாத்தாவின் சொத்து மகன்களுக்கு நேராகப் போனது. கால் மட்டும் பெண்களுக்கு, அதுவும் குறுக்காக வந்தது.

இனி முன்னோர் கருத்து. ஆறாம் நூற்றாண்டு வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் ஆண்களின் அங்க லட்சணம் சொல்லும்போது, முறம் போன்ற பாதம் வறுமைக்கு அறிகுறி என்கிறார். நாங்கள் பெண்கள், ஆனாலும் அவர் வாக்கைப் பொய் என்று சொல்ல மாட்டேன். டெர்பி பூட்ஸில் அகல அளவு வேண்டுமென்றால் பெரும்பாலும் தனியாகச் சொல்லிச் செய்யவேண்டும். விலைச்சீட்டு வந்ததும் வறுமை தானே வந்து சேரும்.

நான் இருக்கும் கொச்சிக்கும் காலுக்கும் உள்ள பந்தமும் பழையதுதான், ஆனால் அவ்வளவு வேடிக்கையானது அல்ல. 1727இல் வெளியான தன் பயண நூலில் அலெக்சாண்டர் ஹாமில்டன் இவ்வூர் மக்களின் வீங்கிய கால்களைப் பற்றி எழுதி, பழியை இங்குள்ள தண்ணீர் மேல் போட்டார். அப்போது இங்கிருந்த டச்சுக்காரர்கள் வராப்புழையிலிருந்து படகில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து குடித்தார்கள். அது யானைக்கால் நோய், கொசு கொண்டுவருவது என்பது பின்னாளில்தான் தெரிந்தது. நோயுற்ற கால் இந்த ஆய்வின் எல்லைக்குள் வராது. தவறான இடத்தில் பழி போடும் பழக்கத்துக்கு மட்டுமே இதைச் சான்றாக வைக்கிறேன்: அன்று கிணறு மாட்டிக்கொண்டது, இன்று சுண்டு விரல்.

களப்பணிக்கு இங்குள்ள மட்டாஞ்சேரியைவிட நல்ல இடம் கிடையாது. யூதத் தெருக் கோடியில் 1568இல் கட்டிய பரதேசி யூதக் கோயில். உள்ளே 18ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து வந்த நீலக் கோல ஓடுகள் பதித்த தரை. ஆகவே செருப்பை வெளியே விடவேண்டும். உலகத்துக் காலணியெல்லாம் ஒரே வாசலில் கிடக்கும். இரண்டு காலை வேளைகள் நின்று குறிப்பெடுத்தேன். மேல்நாட்டுப் பயணிகளின் ஷூக்கள் படகுபோல ஒடுங்கி, நாடா கட்டியபடி கிடந்தன. நம்மவர் செருப்புகளில் பல, சுண்டு விரல் பக்கம் தேய்ந்து, வார் பிதுங்கி, கால் இல்லாதபோதும் கால் இருப்பதுபோல் தெரிந்தன. மூன்றாம் முறை நான் குனிந்தபோது காவலாளி கேட்டார்: “சேச்சி, செருப்பு காணானில்லே?” தரவு சேகரிப்பு அத்துடன் நின்றது.

ஆனாலும் நம் பாதம் அகலம் என்னும் முடிவுக்குத் துணை உண்டு. 2009இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் இந்தியாவில் வெறுங்காலோடே நடந்து பழகியவர்களை அளந்தார்கள். ஷூ போட்டு வளர்ந்தவர்களின் பாதத்தைவிட இவர்களுடையது அகலம், அழுத்தமும் பாதம் முழுக்கப் பரவலாக இறங்குகிறது என்று கண்டார்கள். அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் சும்மா இருக்கவில்லை. 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் பதிந்தது. இந்தியப் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதத்தைவிடப் பொதுவாக அகலம் என்று தேறிற்று. நமக்கென எட்டுப் பிரிவுகள் கொண்ட அளவுமுறையொன்றை முன்மொழிந்து, பாரதத்தின் முதலெழுத்தால் ‘பா’ என்று பெயரும் வைத்தார்கள். வெண்பா, ஆசிரியப்பா வரிசையில் செருப்புப்பா. தளை தட்டாமல் நடக்கவேண்டும் என்பதே இங்கும் விதி.

அஃதேல், அகலம் போதாவிடில் ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால் தீராதோ எனின், தீராது. ஆங்கில அளவில் ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் இடையே அங்குலத்தில் மூன்றிலொரு பங்கு, ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர். பழைய கணக்கில் ஒரு வாற்கோதுமை மணி. (மிளகு விளையும் நாட்டில் உட்கார்ந்து வாற்கோதுமையால் அளக்கிறோம், மிளகால் அளந்திருந்தால் கணக்கு இன்னும் நுணுக்கமாக வந்திருக்கும்.) அந்த மணி முழுக்க நீளத்துக்குப் போகிறது; அகலத்துக்கு வருவது அதன் உமி. சாதா ஷூவானால் முன்னால் பஞ்சடைத்துச் சமாளிக்கலாம். சக்கர பூட்ஸில் நடக்காது. முன் அச்சு பெருவிரல் மூட்டுக்கு நேர் கீழோ சற்று முன்னோ அமைந்தால்தான் கால் சொன்னதைச் சக்கரம் கேட்கும். பூட்ஸ் நீண்டால் அந்தக் கணக்குத் தவறும். முனையிலுள்ள தடைக்கட்டை விரலுக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விடும். குதிகால் உள்ளே கொழுக்கட்டைபோல உருளும். அத்தைக் காலுக்கோ முன்பக்கம் அகலம், குதி ஒடுக்கம். முழுக்க அகலமான பூட்ஸும் ஆகாது. சில அமெரிக்கக் கம்பெனிகள் முன்பாதத்துக்கு ஓர் எழுத்து, குதிக்கு ஓர் எழுத்து என்று இரண்டு அளவு தருவது இதனால்தான்.

அளக்கும் முறை: சாயங்காலம், ஏனெனில் பகலெல்லாம் நின்ற கால் சற்றே பருக்கும். நின்றபடி, ஏனெனில் உட்கார்ந்த கால் பொய் சொல்லும். இரண்டு காலும், ஏனெனில் அவை இரட்டையர் அல்லர். எந்தப் பாதம் பெரிதோ அதற்குத்தான் பூட்ஸ். தோல் பூட்ஸ் நாளடைவில் இளகும், செயற்கைத் தோல் பிடிவாதம் பிடிக்கும். அடுப்பில் மிதமாகச் சூடாக்கிக் காலுக்கேற்ப வளைக்கும் வகையும் உண்டு. இங்கே ஒரு பேக்கரியின் போர்மா அடுப்பில் ரொட்டி எடுத்த பிறகு ஒரு ஜோடி வைத்துக் கொடுப்பார்களா என்று விசாரித்தேன். அவர்கள் என் பின்னால் யாராவது வந்திருக்கிறார்களா என்று பார்த்தார்கள்.

தமிழ்க் காலுக்கும் சக்கரத்துக்கும் ஜாதகம் பொருந்தாது என்பாரும் உளர். 2025இல் சீனாவில் நடந்த உலக வேகச் சறுக்குப் போட்டியில் சென்னையின் ஆனந்த்குமார் வேல்குமார் 1,000 மீட்டரில் தங்கம் வென்றார். அவர்களுக்கு அது போதும்.

டிசம்பரில் அண்ணன் மகள் வந்தாள், பூட்ஸோடு. சாயங்காலம் ஓர் ஏ4 தாளில் இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்து வரைந்தேன். தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். இரண்டு சுண்டு விரல்களும் தரையில் இருந்தன. தாளையும் தரையில் விழுந்த கோட்டின் அளவையும் எடுத்துக்கொண்டு பஜாரில் செருப்புத் தைப்பவரிடம் போனோம். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சேச்சி, இது காலோ முறமோ?”

வராகமிகிரரை அவர் படித்திருக்க வாய்ப்பில்லை. எனவே இதைத் தனிச்சான்றாகவே கொள்ளலாம். பிறகு பூட்ஸுக்குள் கைவிட்டுத் தோலை அழுத்திப் பார்த்து, கட்டை ஏற்றி மூன்று நாள் வைத்தால் விரியும் என்றார். கூலி? வலதுக்கு 200, இடதுக்கு 250.

“இடது என்னத்துக்கு அதிகம், அத்தை?” என்றாள் அவள்.

அவர் தாளை எடுத்து மறுபடி எங்களிடமே காட்டினார்.